பல்லால் நூல் கடிக்காத இரண்டு வருடம்

ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்ததும் நூலைப் பல்லில் கொடுத்துப் பட்டென்று அறுப்பேன். பதினாறு வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போன நாளிலிருந்து வந்த பழக்கம். அளவு பார்க்கும்போது நாலு குண்டூசியை முன்பல்லில் கவ்விக்கொண்டே, "கொஞ்சம் திரும்பு கண்ணு" என்று பேசவும் தெரியும். தையல் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டுகிற மெல்லிய ஓடு, போட்டுக்கொண்ட பிறகுதான், ஒரு நாளைக்கு எத்தனை முறை என் கை வாய்க்குப் போகிறது என்று எனக்கே தெரிந்தது.

வேலூர் சத்துவாச்சாரியில் என் கடைக்கு வருகிறவர்களில் சிலர் மெதுவாகக் கேட்கிறார்கள்: "அக்கா, வலிக்குமா? எவ்வளவு நாள் வரும்? என்ன சாப்பிடலாம்?" ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தது திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். போர் தண்ணீர்தான் குடித்து வளர்ந்தோம். என் வகுப்பில் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஒழுங்கா வெளக்கினா ஏன் இப்படி ஆவுது?" என்று ஆயா திட்டும். செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு எல்லாம் வைத்துத் தேய்த்துவிடும். தேய்த்தால் போகிற கறையே இல்லை அது. தண்ணீரில் கரைந்திருந்த ஃப்ளூரைடு என்ற உப்பு செய்த வேலை. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளூரைடுக்குள் இருப்பதுதான் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரைக்கும் பொறுக்கலாம் என்பது அரசின் அளவு. அதற்கு மேலே உள்ள தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அதன் வெளி ஓடான எனாமல் பழுதாகிவிடுகிறது, பிறகு கறை அதற்குள்ளேயே ஏறிவிடுகிறது. பல் முளைப்பதற்கு முன்பே நடந்து முடிந்த காரியத்துக்கு நாங்கள் வருடக்கணக்கில் கரி வைத்துத் தேய்த்திருக்கிறோம். என் மகள் இங்கே காவிரித் தண்ணீரும் கேன் தண்ணீருமாக வளர்ந்தவள். அவள் பல்லில் ஒரு கோடு கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆயாவிடம் வாங்கிய திட்டு ஞாபகத்துக்கு வரும்.

முப்பத்தெட்டு வயதுவரை வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தேன். ஒரு சீட்டு எடுத்த பணத்தில், ஒரு பல்லுக்குப் பன்னிரண்டாயிரம் வீதம் கொடுத்து, பீங்கான் வெனீர் போட்டேன். போடுவதற்கு முன்பு டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெனீர் ஒட்டுவதற்காகப் பல்லின் முன்பக்கத்தை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் செதுக்குவார்கள். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. அதனால் இது ஒருமுறை போட்டுக் கழற்றிவிடுகிற அலங்காரம் இல்லை. பத்து, பதினைந்து வருடம் வரும், தேய்ந்தாலோ உடைந்தாலோ மாற்றிப் போட வேண்டும், வாழ்நாள் முழுக்க அந்தப் பல்லுக்கு மேலே ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் யோசித்துத்தான் சரி என்றேன்.

செதுக்கின நாளுக்கும் நிஜ வெனீர் ஒட்டுகிற நாளுக்கும் நடுவில் பத்து நாள். அதுவரைக்கும் பிளாஸ்டிக்கில் தற்காலிகமாக ஒன்று ஒட்டி அனுப்பினார்கள். நாலாம் நாள், ஆவணி முகூர்த்த நேரம், கடையில் பதினோரு ரவிக்கை நிற்கிறது. கொக்கி வைத்த கையோடு நூலை வாய்க்குக் கொண்டுபோனேன். டக்கென்று ஒரு சத்தம். இடது பக்க முன்பல்லின் பிளாஸ்டிக் நூலோடு கையில் வந்துவிட்டது. காற்று பட்டதும் பல் கூசின கூச்சத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. திரும்ப ஒட்டிவிட்டு, "இது இப்ப நடந்ததே நல்லதும்மா. நிஜமானது வெக்கறதுக்கு முன்னாடியே உங்க பழக்கம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே மூன்று மெஷினிலும் சின்ன நூல் கட்டரை நாடாவில் கட்டித் தொங்கவிட்டேன். பழைய வெல்வெட் துணியில் பஞ்சு திணித்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற குண்டூசி மெத்தை ஒன்று தைத்தேன். பழக்கத்தை "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று மனதில் நினைத்து மட்டும் விட முடியாது. வாய்க்குப் போகிற கைக்கு வழியிலேயே வேறு ஒன்று தட்டுப்பட வேண்டும். உங்களுக்கு நூல் இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும்: ஷாம்பு பாக்கெட்டைக் கடித்துக் கிழிப்பது, பூ கட்டும்போது நாரைக் கடிப்பது, பேனா மூடி, நகம். வெனீர் போடுவதற்கு முன்பே ஒரு வாரம் உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள்.

ஒட்டுகிற நாள் இரண்டு மணி நேரம் ஆனது. பல்லில் அமிலம் தடவிக் கழுவி, பசை வைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி, நீல வெளிச்சம் காட்டி இறுக்கினார்கள். ஃப்ளூரைடு ஏறின எனாமலில் அமிலம் சீக்கிரம் வேலை செய்யாதாம், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தார்கள். கையில் வைத்துக் காட்டியபோது ஒவ்வொன்றும் விரல் நகத்தின் கனம்தான் இருந்தது. தனியாக இருக்கும்போது அழுத்தினாலே உடைந்துவிடும், பல்லோடு ஒட்டிய பிறகுதான் அதற்கு பலம்.

வாய் மரக்கக் கொடுத்த மருந்து தெளியும் வரை எதுவும் சாப்பிடாதீர்கள். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் சாப்பிட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வது தெரியாது, புதுப் பல்லில் எதைக் கடிக்கிறோம் என்பதும் தெரியாது.

அன்று ராத்திரி மரப்பு தெளிந்த பிறகு ஒன்று கவனித்தேன். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால், வலது கோரைப்பல் மட்டும் மற்றதற்கு முன்பே கீழ்ப்பல்லில் இடித்தது. கிளினிக்கில் நீலக் காகிதம் வைத்துக் கடிக்கச் சொல்லிச் சரிபார்த்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வாய் மரத்திருக்கும்போது நாம் கடிக்கிற கடி நிஜக் கடி இல்லை. "ரெண்டு நாள்ல பழகிடும், விடு" என்றார் மாமியார். நான் விடவில்லை, மறுநாள் காலையிலேயே போனேன். காகிதத்தில் கடித்ததும் அந்தப் பல்லில் மட்டும் நீலப்புள்ளி விழுந்தது. லேசாகத் தேய்த்துவிட்டார், சரியாகிவிட்டது. அந்த ஒரு புள்ளியில்தான் முழு அழுத்தமும் விழும், விட்டிருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கியிருக்கும் என்றார். கடிக்கும்போது ஏதாவது ஒரு பல் முந்திக்கொண்டு இடித்தால் பழகும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் வாரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. ஃபிரிட்ஜ் தண்ணீரை விட்டு மண்பானைத் தண்ணீருக்கு மாறினேன். ரசத்தையும் காபியையும் ஆறவைத்துக் குடித்தேன். பத்து நாளில் கூச்சம் அடங்கியது. நாளாக ஆகக் கூடினாலோ, எதையும் தொடாமலே விண்விண் என்று தெறித்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். ஈறு கொஞ்சம் வீங்கியிருந்தது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை கொப்பளித்ததில் வடிந்துவிட்டது. பேச்சும் இரண்டு மூன்று நாள் மாறித் தெரிந்தது. 'வ' சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டுமே, பல்லின் நுனி புதிது என்பதால் வேலூர் என்று சொன்னாலே உதட்டில் தட்டியது. யாரும் இல்லாத நேரத்தில் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன், தானாகவே சரியானது.

முதல் இரண்டு நாள் காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பீங்கானில் கறை ஏறாது, ஓரத்தில் இருக்கிற பசையில் ஏறலாம். பீங்கானுக்குப் பதிலாகக் காம்போசிட்டில், அதாவது பல் நிறத்தில் இருக்கிற ஒரு பிசினில், செய்தால் கதையே வேறு. என் நாத்தனார் விலை குறைவு என்று காம்போசிட் போட்டார். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர். இரண்டாம் வருடமே மங்கிப்போய்ப் பாலிஷ் போட்டார்கள். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்குப் பல்லை அதிகம் செதுக்கவில்லை, உடைந்தால் அங்கேயே பூசிக்கொள்ளவும் முடிகிறது. இரண்டையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதுதான் இதில் முக்கியமானது. வெனீர் போட்டவர்கள் எல்லோரும் வெனீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பீங்கான் சொத்தையாகாது. கெடுவது அதன் ஓரம். ஈறுக்குப் பக்கத்தில் வெனீர் முடிந்து நம் சொந்தப் பல் தொடங்குகிற மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அழுக்கு அங்கேதான் தங்கும், சொத்தை அங்கேதான் உள்ளே நுழையும். ஈறு வீங்கி, பிறகு இறங்கினால் அந்தக் கோடு வெளியே தெரியும். நல்ல துணியில் தைத்த ரவிக்கை துணி கிழிந்து கடைக்குத் திரும்பி வருவது குறைவு, தையல் ஓரத்தில் பிரிந்துதான் வரும். அதே மாதிரிதான் இதுவும். கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பதைவிட உதட்டைத் தூக்கி அந்த ஓரத்தைப் பாருங்கள். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், கெட்டியாக, ரத்தம் வராமல் இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது.

அந்த ஓரத்துக்காக நான் செய்வது இரண்டு. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, காலையும் ராத்திரியும் இரண்டு நிமிடம். முன்னும் பின்னும் அழுத்தி இழுக்கக் கூடாது, ஈறு தேய்ந்து இறங்குவதற்கு அதுதான் நேர்வழி. பிரஷ்ஷை முஷ்டியில் பிடிக்காமல் ஊசி பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்தேன், அழுத்தம் தானாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது ஃப்ளாஸ், பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல். இதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. நம்மிடம் இல்லாத நூலா என்று முதலில் பாலியஸ்டர் தையல் நூலை எடுத்துப் பார்த்தேன். செய்யாதீர்கள். முறுக்கு நூல் ஈறை அறுத்துவிடும், பிரிந்து சிம்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். மெழுகு தடவிய ஃப்ளாஸ் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஒரு முழ அளவு எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, பல் இடுக்கில் மெதுவாக ஆட்டி இறக்க வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் ஈறில் போய் வெட்டும். உள்ளே போனதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் இரண்டு முறை, அப்புறம் பக்கத்துப் பல்லுக்கு அதே மாதிரி. தற்காலிக வெனீர் இருந்தபோது மட்டும் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவச் சொன்னார்கள், வந்த வழியே இழுத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வந்துவிடும். முதல் வாரம் ரத்தம் வந்தது, பயந்து நிறுத்தவில்லை. பத்து நாளில் நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேலும் வந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பற்பொடி எதுவும் வேண்டாம். செந்நிறப் பொடி, கரி பேஸ்ட், "பளீர் வெண்மை" என்று எழுதிய பேஸ்ட் எல்லாம் சொரசொரப்பானவை. பீங்கானின் பளபளப்பை எடுத்துவிடும், பளபளப்பு போன இடத்தில் கறை பிடிக்கும். வெனீரை எந்த பேஸ்ட்டாலும் வெளுக்கவும் முடியாது, ஒட்டின நாளில் என்ன நிறமோ அதுதான் கடைசி வரைக்கும். அதனால் மற்ற பற்களை வெளுக்க ஆசை இருந்தால் வெனீர் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஃப்ளூரைடு பேஸ்ட் போடச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. "இதனாலதானே டாக்டர் என் பல்லு இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பல் உருவாகும் வயதில், தினமும் தண்ணீரோடு வயிற்றுக்குள் போனதுதான் கெடுதல் செய்தது. இப்போது எனக்குப் பல் உருவாகி முடிந்துவிட்டது. மேலே தடவித் துப்பிவிடுகிற பேஸ்ட் சொந்தப் பல்லின் ஓரத்தைச் சொத்தையாகாமல் காக்கும். அன்றிலிருந்து போடுகிறேன். ஆனால் ஃப்ளூரைடிலேயே வெனீருக்கு ஆகாத ஒன்று உண்டு. கிளினிக்கில் சிலருக்குத் தட்டில் வைத்துப் பூசிவிடுகிற ஜெல்லில் அமிலம் கலந்த வகை ஒன்று இருக்கிறது, அது பீங்கானை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். அமிலம் இல்லாத வகை வேறு இருக்கிறது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், கிளீனிங்குக்குப் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "முன்பல் ஆறும் வெனீர்" என்று சொல்லிவிடுவேன். நன்றாகப் போட்டிருந்தால் பார்த்தவுடன் தெரியாது. சொல்லிவிட்டால் ஜெல்லையும் பாலிஷ் பேஸ்ட்டையும் மாற்றிக்கொள்வார்கள், கறை எடுக்கும் கருவியை அந்த ஓரத்தில் வைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் நான் விட்டுக்கொடுத்தது ரொம்பக் கம்மி. ஆம்பூர் பிரியாணி சாப்பிடுகிறேன். கறியைக் கையால் பிய்த்து, எலும்பை முன்பல்லால் கடிக்காமல் விட்டுவிடுகிறேன். முறுக்கும் தட்டையும் கையால் உடைத்துப் பின்பல்லுக்குப் போகின்றன. வேர்க்கடலையை விரலால் உடைக்கிறேன். பொங்கலுக்குக் கரும்பை அரிவாள்மனையில் துண்டு போட்டு, தோல் சீவிக் கடைவாயில் மென்றால் சாறு அதே சாறுதான். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்குப் போவோம். அங்கே சுட்ட சோளத்தை மட்டும் கடிக்காமல் கையால் உதிர்த்துச் சாப்பிடுகிறேன். ஐஸ் கட்டியை மெல்வது முழுசாக நின்றுவிட்டது. வேலூர் வெயிலில் அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது, அதற்குத்தான் நுங்கு இருக்கிறதே. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் களியும் எந்தப் பல்லையும் தொந்தரவு செய்யாது.

ராத்திரியில் பல் கடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒட்டி ஆறு மாதம் கழித்து மகள்தான் சொன்னாள்: "அம்மா, தூக்கத்துல நறநறன்னு சத்தம் வருது." முகூர்த்தம் நெருங்குகிற வாரங்களில்தான் அதிகமாம். காலையில் கன்னத்து எலும்புக்குப் பக்கத்தில் இறுக்கமாக வலிக்கும், தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அளவெடுத்து, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்கிற நைட் கார்டு என்ற உறையைச் செய்து கொடுத்தார். முதல் பத்து நாள் எச்சில் ஊறித் தூக்கம் கெட்டது, பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. காலையில் பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்று போக ஓட்டை உள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் வளைந்துவிடும், அப்புறம் பல்லில் பொருந்தாது. வெனீர் போட நினைக்கிறவர்கள் உங்களோடு படுக்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பல் கடிக்கிறேனா? "ஆமாம்" என்றால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பதினாலாம் மாதம் ஒரு பல்லின் முனையில் எள்ளளவு சில்லு போனது. கொய்யாப்பழத்தை வெட்டாமல் அப்படியே கடித்தேன். நாக்கால் தடவினால் அரத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. சின்னது என்பதால் மழமழவென்று தேய்த்தே சரிசெய்துவிட்டார்கள். பெரிய துண்டோ முழு வெனீரோ கழன்று வந்தால், அதைத் தண்ணீரில் அலசிச் சின்ன டப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். உடையாமல் இருந்தால் பல சமயம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். வீட்டில் இருக்கிற இன்ஸ்டன்ட் பசையை மட்டும் தொடாதீர்கள். ஈறு புண்ணாவதோடு, வெனீரின் உள்பக்கத்தில் அந்தப் பசை காய்ந்துவிட்டால் திரும்ப ஒட்டுவது கஷ்டமாகிவிடும்.

வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகிறார்கள். வந்த இடத்திலேயே பல்லையும் பார்த்துக்கொண்டு போகலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. வெனீர் விஷயத்தில் நான் சொல்வது, நீங்கள் சுலபமாகத் திரும்பிப் போகக்கூடிய இடத்தில் போடுங்கள். நீலப்புள்ளிக்கு ஒருமுறை, சில்லுக்கு ஒருமுறை, நைட் கார்டுக்கு இரண்டு முறை என்று நான் போயிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் தனி. ரயிலேறி வர வேண்டியிருந்தால் இதில் பாதியைத் தள்ளிப்போட்டிருப்பேன்.

போன மாதம் போனபோது டாக்டர் மெல்லிய கம்பியால் ஆறு பல்லின் ஓரத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் மாட்டவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து ஈறைப் பார்க்கச் சொன்னார். அடுத்தது தை மாதம். பொங்கல் தையல் முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்று இருபதாம் தேதிக்கு மேலே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.